லயத்துக்குத் தண்ணீர் பைப்: வேலையைத் திட்டமிடுவது எப்படி?

மலையில் ஊற்று இருக்கிறது, கீழே லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருக்கிறது, இடையில் பைப் போட வேண்டும். காசு சேர்ந்த பிறகும் இப்படிப்பட்ட சிரமதான வேலைகள் பாதியில் நின்றுவிடுகின்றன. எதற்கு அடுத்து எது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆரம்பிக்கலாம்.

படி 1: முடிவை ஒரே வரியில் எழுதுங்கள்

"பங்குனி மாதத்திலும் எல்லா லயத்துப் பீலியிலும் தண்ணீர் வர வேண்டும்." இதில் "பங்குனி" முக்கியம். இலங்கை மலையகத்தின் மேற்குச் சரிவில், ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஊற்றை அப்போதே அளக்க வேண்டும். மழைக்காலத்து அளவை நம்பக் கூடாது. 20 லீட்டர் வாளி நிறைய 40 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 30 லீட்டர்.

படி 2: வேலையைப் பிரியுங்கள்

தோட்ட ஆபீஸில் அனுமதி, தூரம் அளப்பது, பைப் வாங்குவது, கான் (பைப் புதைக்கும் பள்ளம்) வெட்டுவது, தாங்கி (தண்ணீர்த் தொட்டி) கட்டுவது, பைப் பூட்டுவது, சோதித்து மூடுவது. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெயர். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

படி 3: எதற்கு எது காத்திருக்கிறது?

இங்கே நேரம் எடுத்து யோசியுங்கள். கொழுந்து எடுப்பவர்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு. ஆகவே ஒரு வாரத்துக்கு ஒரு வேலை நாள். உதாரணத்துக்கு, அனுமதிக்கு 3 வாரம், கான் வெட்ட 3, பைப் பூட்ட 1, சோதித்து மூட 1 என்று வைப்போம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. மொத்தம் 8 வாரம். தாங்கிக்கோ அனுமதி கிடைத்ததும் கொன்கிரீட் போட ஒரு வாரம், அது ஈரத்தில் இறுக குறைந்தது 7 நாள். ஐந்தாம் வாரமே தயார். சோதனை எட்டாம் வாரம் என்பதால் தாங்கி 2 வாரம் பிந்தினாலும் பரவாயில்லை. கான் ஒரு ஞாயிறு பிந்தினால் முழு வேலையும் ஒரு வாரம் பிந்தும்.

இந்த நீளமான சங்கிலிக்குக் கிரிட்டிகல் பாத் என்று பெயர். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பனியில் உருவான கணக்கு இது. ரசாயனத் தொழிற்சாலைக்குப் போட்ட கணக்கு நம் கானுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இன்னொன்று: மணல் சுமக்கவும் கான் வெட்டவும் அதே ஆட்கள்தான். கான் வெட்டும் ஞாயிற்றில் அவர்களை மணலுக்கு இழுக்காதீர்கள். அனுமதிக்காகக் காத்திருக்கும் அந்த 3 வாரத்தில் தூரத்தை அளந்து, பைப் வாங்கி, மணலை மேலே ஏற்றிவிடலாம். கொன்கிரீட்டுக்கு மேசன் பாஸை வார நாளில் கூப்பிடுங்கள். சீமெந்து மட்டும் அவர் வரும் நாளுக்கு முந்தி வாங்கினால் போதும். நம் பனியில் மூட்டையிலேயே கட்டி பிடித்துவிடும்.

படி 4: கலண்டரில் போடுங்கள்

இடப்பக்கம் வேலைகள், மேலே ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு. அவ்வளவுதான். திருவிழா, சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு இரண்டையும் முதலிலேயே வெட்டிவிடுங்கள், ஆள் வராது. மேற்குச் சரிவில் மே மாத மழைக்கு முன் கான் மூடப்பட வேண்டும். பதுளை, பண்டாரவளைக்காரர்கள் ஒக்டோபர் மழைக்கு முன் முடிக்கட்டும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கணக்கெல்லாம் அப்புறம், அன்று யாரும் கானுக்குள் இறங்க வேண்டாம்.

படி 5: ஞாயிறு மாலை பத்து நிமிடம்

முடிந்ததை அடித்துவிடுங்கள். பிந்திய வேலை நீளமான சங்கிலியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அடுத்த ஞாயிறு தாங்கிப் பக்கம் நிற்கும் ஆட்களையும் அங்கே அனுப்புங்கள். கடைசி வாரம் தண்ணீரைத் திறந்து ஒவ்வொரு பைப் இணைப்பையும் தொட்டுப் பார்த்த பிறகே மண் போடுங்கள். மூடிய பிறகு கசிவு தெரிந்தால் திரும்பவும் தோண்ட இன்னொரு ஞாயிறு வேண்டும்.