ஒரே வீச்சில் பலரை வெட்டும் தாக்குதல்: அளந்து கொடுப்பது எப்படி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எங்கள் குழுவுக்கு ஆட்டத்தை நடத்துவது நான். குழுவில் கோடரி வீரராக ஆடும் நண்பருக்கு ஆறாவது லெவலில் நானே ஒரு தாக்குதலை எழுதிக் கொடுத்தேன். தன் முறைக்குரிய இரண்டு வெட்டுகளையும் விட்டுக்கொடுத்தால், பக்கத்துக் கட்டங்களில் நிற்கும் எதிரிகள் எல்லாரையும் ஆளுக்கு ஒரு முறை வெட்டலாம். அடி படுகிறதா என்று பார்க்க உருட்டும் அட்டாக் ரோல் ஆளுக்குத் தனித்தனி. பட்டால் இழக்கும் உயிர்ப்புள்ளி, அதாவது டேமேஜ், எல்லாருக்கும் ஒன்றே. சில வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு புதையலில் அந்தக் கோடரிக்குத் தீ மந்திரம் கிடைத்தது. படும் ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக ஓர் ஆறுமுகப் பகடை.

அடுத்த சண்டையில் ஆறு எலும்புக்கூடுகள் அவரைச் சூழ்ந்தன. ஐந்தின் மேல் அடி பட்டது. பன்னிரண்டுமுகப் பகடையில் 8, வலிமைக்கு 4, தீயில் 3. மொத்தம் 15. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் எலும்புக்கூட்டுக்கு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, 13தான். ஐந்தும் சரிந்தன. மற்ற மூன்று ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து மிஞ்சியது ஒன்று. ஒருவர் எடுத்த பகடையை மறுபடி கீழே வைத்துவிட்டார். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீயின் அந்த 3 இல்லாவிட்டால் டேமேஜ் 12. ஐந்தும் ஒற்றைப் புள்ளியோடு நின்றிருக்கும், ஐந்தும் திருப்பி அடித்திருக்கும். ஒரு சிறிய பகடை சண்டையையே மாற்றிவிட்டது.

ஆகவே இப்படி ஒரு தாக்குதலை எழுத உட்கார்ந்தால், மொத்த டேமேஜைக் கூட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் மேசையில் அடிக்கடி வரும் எதிரி அந்த ஒரே அடியில் சாவானா, மாட்டானா? சாகமாட்டான் என்றால் இந்தத் தாக்குதல் பார்ப்பதைவிடப் பலவீனமானது. நான்கு எதிரிகள், ஆளுக்கு 10 ஹிட் பாயிண்ட் என்று வையுங்கள். ஒருவர் 10, 10 என்று இருவரை அடிக்கிறார். இன்னொருவர் சுழற்றி நால்வருக்கும் 5 கொடுக்கிறார். இரண்டும் 20தான். முதல் ரவுண்டு முடிவில் ஒரு பக்கம் இருவர் பாக்கி, இன்னொரு பக்கம் நால்வரும் பாக்கி. இரண்டாவது ரவுண்டில் இரண்டு சண்டைகளும் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் முதலாமவர் குழு வாங்கியது இரண்டு தாக்குதல், இரண்டாமவர் குழு வாங்கியது நான்கு. பாதி உயிரோடு இருக்கும் எதிரியும் முழு பலத்தோடுதான் அடிக்கிறான். அதனால் பரவலாக விழும் டேமேஜ் கூட்டுத்தொகையில் கொஞ்சம் அதிகமாக இருந்தால் தப்பே இல்லை.

அதே நால்வருக்கும் ஆளுக்கு 5 ஹிட் பாயிண்ட் என்று மாற்றிப் பாருங்கள். ஒரே சுழற்றலில் சண்டை முடிந்தது. இரண்டு பேரை அடித்தவர் ஒவ்வொரு அடியிலும் 5 புள்ளியை வீணாக்கியிருக்கிறார். ஒரே அடியில் சாவானா, மாட்டானா என்ற இந்த வாசல்படிதான் சமநிலையைத் தீர்மானிக்கிறது. 1978இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதை விதியாகவே வைத்திருந்தது: ஒரு ஹிட் டைஸுக்கும் (எதிரியின் உயிர்ப்புள்ளியை உருட்டும் பகடை) குறைவான அற்ப எதிரிகள் என்றால் வீரர் தன் லெவல் எத்தனையோ அத்தனை முறை வெட்டலாம். பெரிய எதிரிக்கு அந்தச் சலுகை கிடையாது. எனக்கு அந்தத் தெளிவு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது, நான் தடுக்கி விழுந்த இடம். பல பேர் மேல் விழும் அடியில் ஒவ்வொரு போனஸும் பெருகும். ஆறுமுகப் பகடையின் சராசரி 3.5. ஒருவன் மேல் விழுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஐந்து பேர் மேல் விழுந்தால் அது 17.5. வலிமை போனஸ், மந்திர ஆயுதம், கோபத்தில் கிடைக்கும் கூடுதல் என்று எல்லாமே இப்படித்தான். இன்று எழுதும் விதி இன்னும் இரண்டு வருடம் கழித்துக் கிடைக்கப்போகும் ஆயுதத்தோடும் சேரும். ஆகவே முதல் இலக்குக்கு முழு டேமேஜ், மற்றவர்களுக்கு ஆயுதத்தின் பகடை மட்டும் என்று எழுதிவிடுங்கள்.

2024 பதிப்பில் பெரிய கோடரிக்கும், நீண்ட பிடி போட்ட கோடரியான ஹால்பர்டுக்கும் வந்த கிளீவ் என்ற திறன் இந்த வழியில்தான் போகிறது. ஒருவன் மேல் அடி பட்டால், அவனுக்கு ஐந்து அடிக்குள் நிற்கும் இன்னொருவனையும், அவனும் வெட்டுபவரின் கைக்கு எட்டினால், வெட்டிப் பார்க்கலாம். பட்டால் ஆயுத டேமேஜ் மட்டும், வலிமை போனஸ் கிடையாது. ஒரு முறையில் ஒரு தடவைதான். பெரிய கோடரியின் பன்னிரண்டுமுகப் பகடை, அடி படும் வாய்ப்பு 65 சதவீதம், வலிமைக்கு 4 என்று வைத்தால் முதல் வெட்டின் சராசரி 6.8, இரண்டாவதன் சராசரி 2.7. அதாவது ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல். செலவில்லாமல் எப்போதும் கிடைக்கும் திறனுக்கு இது நல்ல அளவு என்பது என் எண்ணம்.

எலி மூட்டை கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரு திறன், கைக்கு எட்டும் எல்லா எதிரிகளையும் ஆளுக்கு ஒரு முறை வெட்டவிடும். இன்னொரு திறன், ஒருவனை வீழ்த்தினால் பக்கத்திலிருப்பவன் மேல் இலவசமாக ஒரு வெட்டு தரும். இரண்டையும் சேர்த்து, மூட்டை நிறைய எலிகளை அவிழ்த்துவிட்டு, செத்த ஒவ்வொரு எலிக்கும் ஒரு வெட்டாக அரக்கன் மேல் இறக்கலாம் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். 2003 திருத்தத்தில், சுழற்றும்போது மற்றத் திறன்கள் தரும் கூடுதல் வெட்டுகள் கிடையாது என்று அடைத்தார்கள். பலவீனமானவனின் சாவு பலசாலி மேல் புதிய அடியாக மாறக் கூடாது. 2014 பதிப்பின் விருப்ப விதி ஒன்று இதைவிட அழகாகச் சமாளிக்கிறது: அதுவரை அடி வாங்காத ஒருவன் ஒரே அடியில் விழுந்தால், மிஞ்சிய டேமேஜ் மட்டும் பக்கத்து ஆளுக்குப் போகும், அதுவும் அதே அட்டாக் ரோல் அவனுக்கும் பட்டால்தான். இதில் எலியை இடையில் வைத்தால் நஷ்டம்தான். அரக்கனை நேராக அடித்திருந்தால் முழுதும் விழுந்திருக்கும்.

எட்டும் தூரத்தைத் தாராளமாகக் கொடுக்காதீர்கள். சுற்றிலும் ஒரு கட்டம் என்றால் 8 இடம். இரண்டு கட்டம் எட்டினால் 24. தூரம் இரட்டிப்பு, இடம் மூன்று மடங்கு. தவிர, எதிரிகள் நடுவே போய் நிற்பதுதான் இந்தத் தாக்குதலின் உண்மையான விலை. மந்திரவாதி தூரத்தில் நின்று தீப்பந்து எறிகிறார், அதற்கு அவருடைய மந்திர இருப்பிலிருந்து ஒன்று செலவாகிறது. கோடரி வீரருக்கு அந்தச் செலவு இல்லை, அடி வாங்கும் ஆபத்துதான் உண்டு. நீண்ட ஈட்டியால் அந்த ஆபத்தும் போய்விட்டால் இது சரியா என்று மற்றவர்கள் கேட்பது நியாயம்.

பகடை உருட்டுவது எப்படி? இரண்டு இலக்கு என்றால் பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் வரும் ஸ்வைப் திறன் மாதிரி ஒரே அட்டாக் ரோலை இருவருக்கும் ஒப்பிட்டால் போதும். நான்கு பேருக்கு அது சரிவராது. 60 சதவீத வாய்ப்பில் ஒரே ரோல் என்றால் எல்லாரையும் தவறவிடுவது 40 சதவீதம். தனித்தனி என்றால் 3 சதவீதம்கூட வராது. நாங்கள் வெவ்வேறு நிறப் பகடைகளை ஒன்றாக உருட்டி, சிவப்பு இவனுக்கு, நீலம் அவனுக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். டேமேஜ் ஒரே முறை. நேரமும் ஓடாது.

எதிரிகளை நீங்கள் நிறுத்தும் விதமும் இந்த விதியின் ஒரு பகுதி. எப்போதும் சிதறியே நிறுத்தினால் அந்தத் திறனைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. ஓநாய்கள் சூழத்தான் செய்யும், எலும்புக்கூடுகளுக்கு விலகத் தெரியாது. தளபதியோடு வரும் படைவீரர்கள் முதல் சுழற்றலைப் பார்த்த பிறகு விலகட்டும், அதற்கு முன்னால் வேண்டாம்.

மேசைக்குக் கொண்டுபோகும் முன் மூன்று சண்டைகளைத் தாளில் ஓட்டிப் பாருங்கள்: ஒரே பெரிய எதிரி, நடுத்தரமாக மூன்று பேர், அற்பமாக எட்டுப் பேர். முதலாவதில் சாதாரண வெட்டே மேலாக இருக்க வேண்டும். மூன்றாவதில் சுழற்றல் ஜெயிக்கலாம், ஆனால் தோழர்களுக்கும் வேலை மிச்சம் இருக்க வேண்டும்.

நண்பரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் விதியை மாற்றினேன். கோடரியின் தீயை எடுக்கவில்லை; முதல் இலக்குக்கு மட்டும் என்றாக்கினேன். மறுபடி எலும்புக்கூடுகள் வந்தபோது அவர் சுழற்றினார். ஒன்று எரிந்து விழுந்தது. 9 டேமேஜ் வாங்கிய மூன்று, ஆளுக்கு 4 புள்ளியோடு தள்ளாடி நின்றன. அடுத்த முறைக்குரியவர் கத்தியை எடுத்துக்கொண்டு, “இடதுபக்கம் இருக்கிறது எனக்கு” என்றார்.