மாத்திரைப் பெயரை வைத்து அதன் வளையத்தைப் பிடிப்பது எப்படி

வீட்டு மருந்து டப்பாவைத் துழாவி, பெயர் 'அசோல்' என்று முடிகிற ஒரு மாத்திரை அட்டையை எடுங்கள். பாராசிட்டமால் வேண்டாம், அதில் இருப்பது வெறும் பென்சீன் வளையம், அதாவது கார்பன் அணுக்கள் மட்டும் வளையமாகக் கோர்த்தது. கம்பெனி பெரிதாகப் போட்டிருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அதுதான் மருந்தின் பெயர்.

இப்போது பெயரை உடையுங்கள். 'அசா' என்றால் வளையத்தில் நைட்ரஜன், 'ஆக்சா' என்றால் ஆக்சிஜன், 'தயா' என்றால் கந்தகம். கார்பனோடு இப்படி வேறு அணுவும் சேர்ந்தால் அது பல்லின வளையம். கடைசியில் வரும் 'ஓல்' ஐந்து அணு வளையத்தைக் குறிக்கும். ஆக, தயசோல் என்றால் கந்தகமும் நைட்ரஜனும் உள்ள ஐந்தணு வளையம், அவ்வளவுதான்.

அப்புறம் பெயரின் முழு வாலையும் பாருங்கள்: 'கொனசோல்' பூஞ்சைக்கு, 'பெண்டசோல்' குடல்புழுவுக்கு, 'ப்ரசோல்' வயிற்று அமிலத்துக்கு, 'ட்ரோசோல்' ஈஸ்ட்ரோஜனைக் குறைக்க. பலர் இதை மனப்பாடம் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குக் கேட்டால், விஷயமே இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பப்கெம் (PubChem) என்ற வேதிப்பொருள் தகவல் தளத்தில் மருந்து மூலக்கூறின் படத்தை இலவசமாகப் பார்க்கலாம், அதை ஒரு தாளில் வரைந்து, நைட்ரஜன்களை வட்டமிட்டு, 'நீ இங்கே என்ன வேலை பார்க்கிறாய்?' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோலில் இருப்பவை இரண்டு ட்ரையசோல் வளையங்கள், அதாவது ஒவ்வொன்றிலும் மூன்று நைட்ரஜன். பூஞ்சை தன் செல்சவ்வுக்கு எர்கோஸ்டெரால் தயாரிக்க ஒரு நொதியை நம்பியிருக்கிறது, அந்த நொதியின் நடுவில் ஓர் இரும்பு அணு. ஒரு வளையத்தின் நைட்ரஜன் போய் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ள, உற்பத்தி நின்றுவிடும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் லெட்ரோசோலிலும் இதே பிடிதான், நொதி மட்டும் வேறு. மருந்துகளைச் சிதைக்கும் நம் கல்லீரல் நொதிகளிலும் அதே மாதிரி இரும்பு உண்டு என்பதால்தான், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஃப்ளூகோனசோல் கொடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடுகிறது.

ஒமிப்ரசோலின் கதை வேறு. அது சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியாக, அமிலம் சுரக்கும் செல்லுக்குப் போகிறது. அங்கே அதன் பிரிடின் என்ற ஆறணு வளையத்தின் நைட்ரஜன் ஒரு புரோட்டானை வாங்கி மின்னேற்றம் பெறுவதால் திரும்பி வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது, பிறகு அதே அமிலத்தால் உருமாறி, கந்தகம் வழியாக, அமிலத்தை வெளியே தள்ளும் பம்ப் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. இந்த உருமாற்றம் இரைப்பையிலேயே நடந்தால் மருந்து வீண். அதனால்தான் மேல்பூச்சு, அதனால்தான் உள்ளிருக்கும் குருணையை நசுக்கக் கூடாது.

வளையத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடினைவிட நல்ல பாடம் கிடையாது. வயிற்றில் அமிலத்தைத் தூண்டும் ஹிஸ்டமினில் ஓர் இமிடசோல் வளையம், அதாவது இரண்டு நைட்ரஜன் உள்ள ஐந்தணு வளையம் இருக்கிறது. மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக்கின் குழு அதையே மாற்றி மாற்றிச் செய்து சிமெடிடினை உருவாக்கியது, 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது, பிளாக் 1988இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் இமிடசோல் நைட்ரஜன் கல்லீரல் இரும்பையும் விடவில்லை, மற்ற மருந்துகள் ரத்தத்தில் தேங்கின. அடுத்து வந்த ரானிடிடினில் அந்த இடத்தில் ஆக்சிஜன் உள்ள ஃபியூரான் வளையம், ஃபமோடிடினில் தயசோல். வயிற்று வேலை அப்படியே நடந்தது, கல்லீரல் தொல்லை பெருமளவு போய்விட்டது.

சரி, ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மனச்சிதைவுக்குத் தரும் அரிபிப்ரசோலைப் பார்த்து, 'ப்ரசோல் என்று முடிகிறதே, வயிற்று மாத்திரை' என்று நினைத்துவிடாதீர்கள். அதன் வால் 'பிப்ரசோல்', உள்ளே இருப்பது ஆறணு பைப்பரசின், அசோல் வளையமே கிடையாது. சல்ஃபமெத்தாக்சசோலில் வளையம் இருக்கிறது, ஆனால் பாக்டீரியாவை ஏமாற்றுவது மூலக்கூறின் மறுபக்கம் உள்ள சல்ஃபா பகுதி. படத்தை வரையாமல் பெயரை மட்டும் நம்பினால் இந்த இரண்டிலும் மாட்டுவீர்கள்.