புதிய பருவத்துக்கு ஃபிளை பெட்டியைத் தயார் செய்யும் முறை

இறகையும் முடியையும் தூண்டில் முள்ளின்மேல் கட்டிச் செய்யும் ஃபிளை எனும் போலி இரைகளோடு முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் கொடுவாவையும் பாரையையும் தேடுவோர், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கழிமுகத்து நீர் தெளிவதற்குள் தங்கள் பெட்டியைச் சீர்செய்துவிடுவது நல்லது. சென்னையில் ஃபிளைகளை மீன்களைவிட விரைவாக அழிப்பவை உப்பும் ஈரமும்தான்.

முதலில், எதையும் எடுப்பதற்கு முன், திறந்த பெட்டியைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில் இடம் காலியாக இருக்கிறதோ அந்த வகையையே சென்ற பருவத்தில் அதிகம் பயன்படுத்தியிருக்கிறீர்கள். எதைக் கட்டுவது, எதை வாங்குவது என்று முடிவு செய்ய இதைவிட நம்பகமான பட்டியல் கிடையாது.

அடுத்து, எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பரப்பி, ஒவ்வொரு முள்ளின் நுனியையும் கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தில் பிடித்து நின்றால் அது கூர்மையாக இருக்கிறது; வழுக்கினால் சிறு அரத்தால் தீட்ட வேண்டும். துரு மேலாக மட்டும் படிந்திருந்தால் தேய்த்து எடுக்கலாம். குழி விழுந்த முள்ளை நம்பவே கூடாது. ஃபிளையில் கனத்துக்காகக் கட்டிய உலோகக் கண்கள் இருந்தால் அவற்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, முள்ளை மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியில் போட்டு வையுங்கள். குப்பையோடு அப்படியே வீசினால், அதை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கையில் அது குத்தும்.

மீதமுள்ளவற்றை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு உலர்த்துங்கள். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் இரண்டு இரவுகள்கூட ஆகலாம். நசுங்கிய இறகுகளை, ஃபிளையை இடுக்கியால் பிடித்துக் கொதிக்கும் நீரின் ஆவியில் சில நொடிகள் காட்டினால், அவை பெரும்பாலும் பழைய வடிவுக்குத் திரும்பும். பெட்டியையும் கழுவி, நுரைத்தட்டின் பிளவுகளுக்குள் ஈரம் தங்காதபடி கவிழ்த்து வையுங்கள்.

அடுக்கும்போது நிறத்தை அல்ல, நீரின் ஆழத்தை அடிப்படையாகக் கொள்ளுங்கள். மேற்பரப்பில் மிதக்கும் பாப்பர்கள் ஒரு வரிசையிலும், நடுநீரில் நீந்தும் டிசீவர் போன்றவை அடுத்த வரிசையிலும், அடியில் இறங்கும் கிளவுசர் மின்னோவும் இறால் வடிவங்களும் கடைசி வரிசையிலும் இருந்தால், ஓதம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப உடனே மாற்றிக் கட்ட முடியும். தொடக்கநிலையாளருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கிளவுசரைத்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பாப் கிளவுசர் நன்னீர் மீன்களுக்காக உருவாக்கிய அந்த ஃபிளையில், கனமான கண்கள் இருக்கும் இடம் முள்ளைத் தலைகீழாகத் திருப்பி நுனியை மேல்நோக்கி நிறுத்துவதால், கற்களும் சிப்பிகளும் நிறைந்த நம் கழிமுகத் தரையில் அது குறைவாகவே சிக்குகிறது.

நிரப்பும்போது ஒவ்வொரு வகையிலும் குறைந்தது மூன்று வையுங்கள். ஒன்று பாறையில் போகும், ஒன்றை மீன் கிழிக்கும், அப்போதும் கையில் ஒன்று இருக்கும். தெளிந்த நீருக்கு வெள்ளையும் ஆலிவும், கலங்கிய நீருக்குக் கறுப்பும் பளிச்சென்ற மஞ்சள்பச்சையும் போதும். ஊட்டி டிரவுட் மீனுக்கான சிறு ஃபிளைகளைத் தனிப் பெட்டியில் வையுங்கள். அவற்றின் நன்னீர் முட்கள் உப்பு பட்டால் விரைவில் துருப்பிடிக்கும்.

கடைசியாக, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். கடலுக்குச் சென்று வந்ததும், பயன்படுத்திய ஃபிளையை நேராக இந்தப் பெட்டியில் செருகாமல் தனிச் சிறு டப்பாவில் போட்டுவைத்து, வீட்டில் அலசி உலர்த்திய பிறகே அதன் வரிசையில் சேருங்கள்.