யார் இந்த 'ஃபோரம், வி. சி. டபிள்யூ.'?

காட்பாடியில் ஆய்வேடுகளை வடிவமைத்து, அச்சிட்டு, பைண்டிங் செய்து கொடுப்பது என் தொழில். சமர்ப்பிக்க இரண்டே நாள் இருக்கும்போதுதான் பென் டிரைவும் கையுமாக வருவார்கள். போன மாதம் பாலாற்று மாசு பற்றிய தீசிஸோடு ஒரு தம்பி வந்தார். துணைநூற்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'எஃப்' வரிசையில் 'ஃபோரம், வி. சி. டபிள்யூ., 1996' என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"யாருப்பா இவரு, வெள்ளைக்காரரா?"

"சாஃப்ட்வேர்தாண்ணா போட்டுச்சு. நான் இன்னா பண்றது?"

அது ஆளே இல்லை. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் வேலூர் என்ற பெயர் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் ஊர்ப் பிள்ளையின் தீசிஸிலேயே வேலூர் வெறும் 'வி' ஆகிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் தானே போட்டுத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஜோட்டெரோ, மெண்டெலி, எண்ட்நோட் எதுவானாலும் ஆசிரியர் பெயர் என்று எதைக் கொடுத்தாலும் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகவும் மற்றதை முதல் பெயராகவும் பிரித்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் இப்படித்தான் 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' ஆகிறது. மருத்துவம், நர்சிங் மாணவர்கள் கொண்டுவரும் பட்டியல்களில் இந்த ஆர்கனைசேஷனை நான் பார்க்காத வாரமே கிடையாது. ஜோட்டெரோவில் பெயர் வரியின் ஓரத்தில் இரண்டு கட்டத்தை ஒரே கட்டமாக மாற்றும் சின்ன பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு நிறுவனத்தின் முழுப் பெயரையும் அதில் எழுத வேண்டும். எண்ட்நோட்டில் நிறுவனப் பெயரின் முடிவில் ஒரு காற்புள்ளி வைத்தால் போதும், பிரிக்காது.

அந்தத் தம்பி மென்பொருளில் சேமித்திருந்த பதிவில் இன்னொரு தவறும் இருந்தது. தீர்ப்பை 'வெப் பேஜ்' என்ற வகையில் சேமித்திருந்தார். தீர்ப்புக்கு ஆசிரியரே தேவையில்லை. பதிவின் வகையை 'கேஸ்' என்று மாற்றினால் வழக்கின் பெயருக்குத் தனிக் கட்டம் வரும், பெயரும் உடையாமல் அச்சாகும். தீசிஸைப் புத்தகமாகவும், அரசு அறிக்கையை ஜர்னல் கட்டுரையாகவும் சேமிப்பதும் இதே ரகம்தான். வகை தப்பினால் அப்புறம் எந்த ஸ்டைலை மாற்றினாலும் பட்டியல் கோணலாகத்தான் வரும்.

அடுத்தது நம் பெயர்கள். இந்த மென்பொருள்கள் எல்லாம் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் ஊர்களில் பிறந்தவை. நமக்கோ அப்பா பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான். 'கே. செல்வம்' என்று எழுதினால் பிரச்சினை இல்லை. 'செல்வம் கே' என்று இனிஷியலைப் பின்னால் போடும் பழக்கம் உள்ளவராக இருந்தால், மென்பொருள் 'கே'யைக் குடும்பப் பெயர் என்று நினைத்து 'கே, எஸ்.' என்று அச்சிடும். உள்ளே மேற்கோளில் '(கே, 2018)' என்று வரும். இனிஷியல் எங்கே இருந்தாலும், ஆளின் சொந்தப் பெயர் கடைசிப் பெயர்க் கட்டத்திலும் இனிஷியல் முதல் பெயர்க் கட்டத்திலும் போக வேண்டும். 'செல்வம் குப்புசாமி' என்று அப்பா பெயரை விரித்து எழுதுகிறவர் என்றால், அந்தக் கட்டுரையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். தேடுகிறவர் அந்தப் பெயரில்தான் தேடுவார்.

ஒரே ஆளை மூன்று விதமாகச் சேமித்திருந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும் ஏபிஏ ஸ்டைலில் மற்ற மேற்கோள்கள் எல்லாம் வெறும் பெயராக இருக்கும்போது, திடீரென்று ஒன்று மட்டும் '(கே. செல்வம், 2018)' என்று இனிஷியலோடு வரும். அதே பெயரில் இன்னொருவரும் இருக்கிறார் என்று மென்பொருள் நினைத்துக்கொண்டது என்று அர்த்தம். போய்ப் பார்த்தால் ஒரு பதிவில் 'கே.' என்றும் இன்னொன்றில் 'குப்புசாமி' என்றும் இருக்கும். அதேபோல '2019ஏ, 2019பி' என்று வந்தால், அந்த ஆசிரியர் அந்த ஆண்டில் இரண்டு கட்டுரை எழுதினாரா அல்லது நீங்கள் ஒரே கட்டுரையை இரண்டு முறை சேமித்தீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்போது ஒன்றை அழித்துவிடாதீர்கள். அழித்த பதிவைத் தீசிஸில் ஏற்கெனவே மேற்கோள் காட்டியிருந்தால் அந்த இணைப்பு அறுந்துவிடும். இரண்டையும் தேர்ந்தெடுத்து ஒன்றாக இணைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

கூகுள் ஸ்காலரிலிருந்து அள்ளிப் போட்டுக்கொள்வதை நான் நம்புவதில்லை. பக்க எண் இருக்காது, ஜர்னல் பெயர் பாதியில் நிற்கும். கட்டுரையில் டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் இணைய அடையாள எண்) இருந்தால் அதை மட்டும் கொடுத்து விவரத்தை இழுப்பது மேல். அப்படியும் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வருவது உண்டு. முதல் சொல்லும் இடப்பெயர், ஆள்பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும்படி சேமித்து வையுங்கள். இதிலிருந்து எல்லாச் சொல்லையும் பெரிதாக்கத் தெரிந்த மென்பொருளுக்கு, எல்லாம் பெரிதாக இருப்பதில் எது இடப்பெயர் என்று தெரியாது. ஆம்பூரும் பாலாறும் சின்ன எழுத்தாகிவிடும்.

வரலாற்றுத் துறைப் பிள்ளைகளிடம் வேறு கூத்து. வட ஆற்காடு பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மாவட்ட மேனுவலை, அதாவது வெள்ளைக்காரர் காலத்து மாவட்டக் கையேட்டைத் தொடுவார்கள். ஆர்தர் காக்ஸ் தொகுத்தது 1881. ஹெச். ஏ. ஸ்டூவர்ட் திருத்தி விரித்து இரண்டு தொகுதிகளாக வந்தது 1894-95. இரண்டும் வேறு வேறு புத்தகங்கள், பக்க எண்களும் வேறு. இணையத்தில் கிடைக்கும் ஸ்கேனைச் சேமித்தால், மறுபதிப்பு ஆண்டோ ஸ்கேனை ஏற்றிய ஆண்டோகூட வெளியீட்டு ஆண்டுக் கட்டத்தில் வந்து உட்காரும். 'காக்ஸ், 2015' என்று ஒரு தீசிஸில் பார்த்தேன். காக்ஸுக்கு அவ்வளவு ஆயுசா? ஸ்கேனின் முகப்புப் பக்கத்தைத் திறந்து, எந்தப் பதிப்பு, எந்தத் தொகுதி என்று பார்த்துக் கையால் எழுதுவதுதான் வழி. மறுபதிப்பைத்தான் படித்தீர்கள் என்றால் அதன் ஆண்டைப் போட்டு, மூல ஆண்டை ஜோட்டெரோவில் 'எக்ஸ்ட்ரா' கட்டத்தில் 'ஒரிஜினல் டேட்' என்று ஆங்கிலத்தில் குறித்து வைக்கலாம்.

இன்னொன்று. அந்த நூலில் மெட்ராஸ் என்று இருப்பதைச் சென்னை என்று திருத்துகிறார்கள். கூடாது, நூலில் அச்சானபடிதான் பட்டியலிலும் இருக்க வேண்டும். மாவட்டப் பெயரும் அப்படியே. 1989இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையின் தலைப்பில் வட ஆற்காடு என்று இருந்தால், நீங்கள் ஆராய்வது இன்றைய ராணிப்பேட்டையாக இருந்தாலும் தலைப்பைத் தொடாதீர்கள். விளக்கத்தை உங்கள் வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

இனி வேர்டுக்கு வருவோம். மென்பொருள் போட்ட மேற்கோள் வெறும் எழுத்து அல்ல, பின்னால் இணைப்பு இருக்கிறது. பட்டியலில் ஒரு எழுத்துப் பிழையைப் பார்த்துவிட்டு அங்கேயே திருத்துவார்கள். அடுத்த முறை 'ரிஃப்ரெஷ்' அழுத்தியதும் பழைய பிழை திரும்பி வந்து நிற்கும். திருத்த வேண்டிய இடம் ஜோட்டெரோவில் உள்ள பதிவு. பக்க எண்ணும் அப்படித்தான். மேற்கோளைச் செருகும்போது பக்கத்துக்கென்று கட்டம் இருக்கிறது, அதில் போடாமல் அடைப்புக்குறிக்குள் கையால் அடித்தால் அது நிலைக்காது.

தமிழ்த் துறை ஆய்வாளர்கள் அடிக்குறிப்பில், முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்பதற்கு 'மேலது, ப. 45' என்று கையால் அடித்து வைத்திருப்பார்கள். கைடு ஒரு பத்தியை முன்னால் நகர்த்தச் சொல்லுவார். நகர்த்தியதும் 'மேலது' வேறு நூலைக் காட்டும். நாற்பது 'மேலது'க்களை மறுபடி சரிபார்ப்பதற்குள் விடிந்துவிடும். அடிக்குறிப்பு ஸ்டைல்கள் சிலவற்றில் அடுத்தடுத்து ஒரே நூல் வந்தால் இந்தச் சொல்லை மென்பொருளே போட்டு, பத்தி நகர்ந்தால் மாற்றியும் கொள்ளும். 'இபிட்' என்று ஆங்கில நடைச் சொல் வருகிறதே என்றால், ஸ்டைல் கோப்பில் அந்த ஒரு சொல்லுக்குப் பதில் 'மேலது' என்று எழுதிக்கொள்ளலாம். ஒருநாள் வேலை, மூன்று வருடத்துக்கு நிம்மதி.

வேர்டில் எழுதியதை கூகுள் டாக்ஸில் திறந்து கைடுக்கு அனுப்பி, திரும்ப இறக்கினால் இணைப்புகள் போய்விடும். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும், புதிதாக ஒரு மேற்கோள் சேர்க்கும்போதுதான் தெரியும். ஜோட்டெரோவின் அமைப்புகளில் வேறு செயலிக்கு மாற்றுவதற்கென்றே ஒரு வழி இருக்கிறது, அதன் வழியாகப் போங்கள். கைடு படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் அனுப்பினால் போதும்.

சேமிப்பிலும் ஒரு பொறி. ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையையே கூகுள் டிரைவுக்குள் வைத்துவிடுகிறார்கள். தரவுத்தளம் திறந்திருக்கும்போது டிரைவ் அதைப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தால் கோப்பு கெட்டுப்போகலாம், கெட்டுப்போய் அழுதுகொண்டு வந்தவர்களும் உண்டு. ஜோட்டெரோவின் சொந்த சிங்க்கைப் பயன்படுத்துங்கள். இலவசமாகக் கிடைக்கும் 300 எம்பி இணைத்த பிடிஎஃப்களுக்குத்தான், வெறும் பதிவுகளுக்கு அந்த வரம்பு கிடையாது. அப்புறம் மாதம் ஒருமுறை ஜோட்டெரோவை மூடிவிட்டு முழுக் கோப்புறையையும் பென் டிரைவில் நகலெடுங்கள்.

சாட்ஜிபிடி கொடுத்த ரெஃபரன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. இல்லாத கட்டுரைக்கும் அழகான தலைப்பு, ஜர்னல், பக்க எண் எல்லாம் கொடுக்கும். டிஓஐயைப் போட்டுப் பார்த்துத் திறக்காவிட்டால், தலைப்பை வைத்து ஜர்னலின் தளத்திலேயே தேடி, அங்கேயும் இல்லையென்றால் தூக்கிவிடுங்கள்.

கடைசியாக, அச்சுக்குக் கொண்டுவருமுன் இணைப்புகளை நீக்கி வெறும் எழுத்தாக மாற்றுவது நல்லதுதான். ஆனால் அதைப் பிரதியில் செய்யுங்கள், மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். வைவா முடிந்து 'இரண்டு ரெஃபரன்ஸ் சேர்க்கவும்' என்ற திருத்தத்தோடு வெறும் பிடிஎஃப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் நானும் கையால்தான் அடிக்க வேண்டும். அதற்குப் பக்கக் கணக்கில் தனியாகக் காசு வாங்குவேன்.