அப்பா பெயரில் உள்ள இணைப்பை வாடகைக்கு விட்ட கதை

எங்கள் வீட்டு ஃபைபர் திட்டத்தில் மாதம் 3,300 ஜிபி. அம்மாவின் சீரியல், என் வேலை, தம்பியின் கிரிக்கெட் எல்லாம் சேர்ந்தாலும் 300-ஐத் தாண்டாது. மீதி சும்மா போகிறதே என்று பேண்ட்வித் பகிரும் செயலி ஒன்றைப் போட்டு, அதாவது நம் இணைய இணைப்பை வெளியாருக்குப் பயன்படுத்தக் கொடுத்து நமக்குக் காசு தரும் செயலியைப் போட்டு, ஆறு மாதம் ஓட்டினேன். நீங்களும் போட நினைத்தால் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

இதில் காசு கொடுப்பவருக்கு நம் ஜிபி தேவையே இல்லை. டேட்டா சென்டரில் அவருக்கு அது கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அங்கிருந்து போனால் பல தளங்கள் கதவைச் சாத்திவிடும். வீட்டு ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் நம் இணைப்பைக் காட்டும் எண்) போனால் யாரோ குடும்பஸ்தர் என்று உள்ளே விடும். விலை ஒப்பிடுபவர்கள், விளம்பரம் சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பவர்கள், தளங்களிலிருந்து தகவல் அள்ளுபவர்கள் எல்லாம் இதற்காகத்தான் வருகிறார்கள். உங்கள் ரூட்டர் அவர்களுக்கு ப்ராக்ஸி, அதாவது முகமூடி, அவ்வளவுதான்.

வருமானம்? ஜிபிக்கு 10 சென்ட் வாக்கில். எனக்கு மாதம் 14 ஜிபிதான் போனது, அதாவது 1 டாலர் 40 சென்ட். நம்மிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது கணக்கில்லை, அவர்களுக்கு எவ்வளவு தேவை என்பதுதான் கணக்கு. வீட்டில் நான்கு போனில் போட்டாலும் நான்கு மடங்கு வராது. பல செயலிகள் ஒரு ஐபிக்கு ஒரு கருவியைத்தான் எண்ணும். மாதம் ஐயாயிரம் என்று வீடியோ போடுகிறவர்களுக்குப் பணம் பெரும்பாலும் ரெஃபரல் லிங்க்கில்தான், அதாவது மற்றவர்களைச் சேர்த்துவிடுவதில்தான் வருகிறது.

இதற்காக லேப்டாப்பை இரவும் பகலும் ஓடவிடாதீர்கள். 30 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். மின்கட்டணத்தில் அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிட்டால் கைக்காசுதான் போகும். பழைய போன் போதும். அதை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வங்கி செயலி, யுபிஐ, உங்கள் முக்கிய மெயில் எதுவும் அதில் இருக்கக் கூடாது. அப்புறம் ரூட்டரில் கெஸ்ட் வைஃபை (விருந்தினருக்கென்று தனியாக ஒரு வைஃபை) ஒன்றை உருவாக்கி, அந்த போனை மட்டும் அதில் சேருங்கள். வீட்டுக் கேமராவும் கம்ப்யூட்டரும் அதன் கண்ணில் படாது. செயலியை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், டெலிகிராமில் வரும் ஏபிகே (செயலியின் கோப்பு) வேண்டவே வேண்டாம். எஸ்எம்எஸ், தொடர்பு எண்கள் என்று அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அலுவலக இணைப்பில் போடுவதைப் பற்றி நினைக்கவே நினைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு ஓட்டை அடைபடாது. கெஸ்ட் வைஃபை உங்கள் கருவிகளைத்தான் காக்கும், முகவரியைக் காக்காது. வெளியே போகும் ஐபி அதேதான். மூன்றாவது மாதம் எங்கள் வீட்டில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பஸ் படத்தைத் தொடு, சிக்னல் படத்தைத் தொடு என்று கேப்ட்சா வர ஆரம்பித்தது. ஒரு நாள் அம்மாவுக்கு ரயில் டிக்கெட் போடவே முடியவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், எல்லோரும் தூங்கும் வீட்டில் ரூட்டர் விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. யார், எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்று பார்க்க அந்தச் செயலியில் வழியே இல்லை.

911 எஸ்5 என்ற ப்ராக்ஸி வலையை 2024 மே மாதம் அமெரிக்கா முடக்கியது. இலவச விபிஎன் செயலிகள் வழியாக 1.9 கோடி ஐபி முகவரிகளை அதில் சேர்த்திருந்தார்கள். அவற்றின் பின்னால் ஒளிந்துகொண்டு நிதி மோசடி முதல் வெடிகுண்டு மிரட்டல் வரை செய்திருக்கிறார்கள். அந்த மக்களுக்குத் தெரியாமலே நடந்தது அது. நாம் தெரிந்தே திறந்து விடுகிறோம். ஏதாவது வழக்கு என்றால் போலீஸ் முதலில் கேட்பது இணைப்பு யார் பெயரில் என்றுதான். எங்கள் வீட்டில் அது அப்பா பெயர், அப்பாவின் ஆதார். போதாததற்கு, இணைப்பை மறுவிற்பனை செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தது. அதை நான் பிறகுதான் படித்தேன்.

இதை நிறுத்த வேண்டுமென்றால் செயலியை அழித்துவிட்டு ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், பல இணைப்புகளில் புது ஐபி கிடைத்துவிடும். எனக்குக் கேப்ட்சா நிற்க இரண்டு வாரம் ஆனது. செயலிக் கணக்கின் வாலட்டில் இன்னும் 8 டாலர் 40 சென்ட் கிடக்கிறது. எடுக்க 20 ஆக வேண்டுமாம்.