சிக்கலை முதலில் கொடுங்கள்: பொறியியல் விரிவுரையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொறியியல் மாணவர்களில் பலர் கொடுத்த சூத்திரத்தில் எண்களைப் பொருத்தி விடை காண்பதில் வல்லவர்கள்; எந்தச் சூத்திரம் பொருந்தும் என்று எவரும் சொல்லாத இடத்தில்தான் அவர்கள் தயங்கி நிற்கிறார்கள். பொறியியல் பட்டப்படிப்புகளின் தரத்தை ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்த நாடுகள் பட்டதாரிகளிடம் எதிர்பார்ப்பதோ, ஒன்றோடொன்று மோதும் தேவைகளைக் கொண்ட, நேரடி விடையில்லாத சிக்கல்களைக் கையாளும் திறனைத்தான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1969இல் தொடங்கிய சிக்கல்வழிக் கற்றல் (முதலில் சிக்கலைக் கொடுத்து, அதைத் தீர்க்கும் வழியிலேயே பாடத்தைக் கற்க வைப்பது) இதற்கு ஏற்ற முறையே என்றாலும், அங்கே ஒவ்வொரு சிறு குழுவுடனும் ஓர் ஆசிரியர் அமர்ந்திருந்தார். ஒரே விரிவுரையாளர் அறுபது மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் வகுப்பில் அதற்கு வழியில்லை. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட கூட்டுறவுச் சிக்கல்வழிக் கற்றல், அந்த ஆசிரியர் செய்த வேலையின் பெரும்பகுதியைக் குழுவே ஏற்கும்படி பாடத்தை அமைக்கிறது.

முதலில் சிக்கலைத் தேர்ந்தெடுங்கள். மலேசியச் சூழலில் செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீர் மிகப் பொருத்தமான ஒன்று. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (அதிலுள்ள கழிவை நுண்ணுயிரிகள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்கு அது 100 மில்லிகிராமுக்குக் குறைய வேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள வரம்பு. திறந்த குளங்களில் தேக்கிச் சுத்திகரிப்பது மலிவு, ஆனால் நிறைய நிலம் வேண்டும். அதிலிருந்து மீத்தேனும் காற்றில் கலக்கும். மூடிய தொட்டிகள் அந்த வாயுவை எரிபொருளாகத் தரும், ஆனால் முதலீடு அதிகம். கழிவுநீர் ஆலையிலிருந்து சூடாகவே வெளிவருகிறது. அதன் அளவோ பழவரத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திக் கொடுத்துவிடாமல், ஆலை மேலாளர் ஆலோசனைப் பொறியாளர்களுக்கு எழுதும் அரைப்பக்கக் கடிதமாக ஆக்குங்கள். தேவையற்ற சில தரவுகள் அதில் இருக்கட்டும். தேவையான சில தரவுகள் இல்லாமலும் இருக்கட்டும். வகுப்புக்குக் கொண்டு செல்லும் முன் நீங்களே அதைத் தீர்த்துப் பாருங்கள். பாடத்திட்டத்தின் எந்தக் கருத்துகளை அது உண்மையில் தொடுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

குழுவுக்கு மூவர் முதல் ஐவர் வரை போதும். நண்பர்கள் தாமே சேர்ந்துகொள்ள விடாமல், மதிப்பெண்ணும் பின்னணியும் கலந்திருக்குமாறு நீங்களே பிரியுங்கள். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் கூட்டுறவுக் கற்றலுக்கு ஐந்து அடிப்படைகளைக் கூறினார்கள்: ஒருவரையொருவர் சார்ந்திருத்தல், தனிநபர் பொறுப்பு, நேருக்கு நேர் உதவுதல், பழகும் திறன், குழு தன் செயல்பாட்டைத் தானே ஆராய்தல். என் கருத்தில், தனிநபர் பொறுப்பு தளர்ந்தால் மற்ற நான்கும் பெயரளவுக்கே மிஞ்சும். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் தனி எழுத்து முதலிலும் குழுப் பேச்சு அதன் பின்னரும் வர வேண்டும்.

கடிதத்தைக் கொடுத்ததும், ஒவ்வொரு மாணவரும் சிக்கலைத் தம் சொற்களில் எழுதி ஒப்படைக்கட்டும். தெரிந்தவை எவை, தெரிய வேண்டியவை எவை, கற்க வேண்டிய கருத்துகள் எவை என்றும் பிரித்து எழுதட்டும். பிறகு குழுவாகப் பேசி ஒரே வடிவத்துக்கு வந்து, அதை வகுப்பின் முன் வைக்கட்டும். இங்கே அவசரம் வேண்டாம். “பெரிய குளம் ஒன்று வெட்ட வேண்டும்” என்று யாராவது எழுதியிருந்தால், அவர் சிக்கலைச் சொல்லாமல் தீர்வுக்குத் தாவிவிட்டார். இடம் எங்கே, வாயு என்னாகும், பழவரத்து உச்சத்தில் இருக்கும் மாதங்களில் என்ன நடக்கும் என்று கேட்டு அவரைக் கடிதத்திடமே திருப்பி அனுப்புங்கள். விடையைச் சொல்லிவிடும் ஆசையை இந்தக் கட்டத்தில் அடக்கிக்கொள்வதே விரிவுரையாளரின் கடினமான வேலை.

அடுத்தது, மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் கட்டம். இங்குதான் பெரும்பாலான குழுக்கள் தடம் மாறுகின்றன. காற்றில்லாச் செரிமானம் (காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைப்பது) ஒருவருக்கு, செலவுக் கணக்கு இன்னொருவருக்கு, சட்ட வரம்பு மூன்றாமவருக்கு என்று பங்கு போட்டுக்கொள்வார்கள். இறுதியில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டுமே தெரியும், சிக்கலின் முழு உருவம் எவருக்கும் தெரியாது. இதைத் தடுக்க, கற்க வேண்டிய எல்லாக் கருத்துகளுக்கும் ஒவ்வொருவரும் சுருக்கக் குறிப்பு எழுதிக் கூட்டத்துக்கு முன்பே ஒப்படைக்க வேண்டும் என்று விதியுங்கள். புரியாத இடங்களைக் கேள்விகளாக எழுதச் சொல்லுங்கள். அந்தக் கேள்விகள்தான் குழுப் பேச்சுக்கு உயிர் தரும். குழுக்களிடையே நடந்து செல்லும்போது, பேசாமல் இருப்பவரைப் பார்த்து, அவருடைய தோழர் இப்போது விளக்கியதை மீண்டும் சொல்லச் சொல்லுங்கள். குழு முழுவதற்கும் புரியாத கருத்து இருந்தால் அதை வகுப்பு முழுவதற்குமான விவாதமாக்குங்கள். அப்போதும் தெளியாவிட்டால் பத்து நிமிட விரிவுரை தரலாம்.

தீர்வு வரைதலும் அறிக்கையும் வழக்கமான முறையில் நடக்கட்டும். ஆனால் தீர்வை முன்வைக்கும்போது யார் பேசுவது என்பதை நீங்கள் அந்த நேரத்தில் தேர்ந்தெடுங்கள். குழு மதிப்பெண்ணை அப்படியே எல்லோருக்கும் தராமல், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் அளிக்கும் மதிப்பீட்டைக் கொண்டு அதைத் தனித்தனியே கூட்டியோ குறைத்தோ வழங்குங்கள்.

ஒரு பருவத்தில் மூன்று அல்லது நான்கு சிக்கல்கள் போதும். முதலாவது எளிதாகவும் உங்கள் உதவி நிறைந்ததாகவும் இருக்கட்டும். ஒவ்வொன்றும் முடிந்தவுடன், எதைக் கற்றோம், குழுவில் எது தடையாக இருந்தது, அடுத்த முறை எதை மாற்றுவோம் என்று தனித்தனியே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அவற்றைப் படித்து முடித்த பிறகே அடுத்த கடிதத்தை எழுதத் தொடங்குங்கள்.