"எத்தனை நாள் ஆகும்?"னு கிளையன்ட் கேட்டா பண்ணக்கூடாத தப்புங்க

மொரிஷியஸ்ல எபேன் பக்கம் சாஃப்ட்வேர் வேலை பாக்குற நம்ம பசங்க நிறைய பேர் இப்போ ஆபீஸ் நேரம் போக சைடுல ஃப்ரீலான்ஸும் எடுக்கறாங்க, சந்தோஷம்தான், ஆனா ரெண்டு மாசம் கழிச்சு மெட்ரோல பாத்தா மூஞ்சி தொங்கிப் போயிருக்கு. என்னடான்னு கேட்டா கிளையன்ட் போன் எடுக்கறதில்ல, பேலன்ஸ் பணம் வரல, "இவன் சொன்ன டைமுக்கு முடிக்க மாட்டான்"னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரியறார். மொரிஷியஸ் சின்னத் தீவுங்க, போர்ட் லூயிஸ்ல பேர் கெட்டா சாயங்காலத்துக்குள்ள க்யூர்பிப் வரைக்கும் தெரிஞ்சுடும். நாங்க எல்லாம் அந்தக் காலத்துல பண்ணின அதே கூத்துதான், ஆள்தான் புதுசு.

அட்வான்ஸ் வாங்குங்க, எதெல்லாம் பண்ணித் தருவோம்ங்கற ஸ்கோப்பை எழுத்துல போடுங்க, போன்ல வாய்க்கு வந்த தேதியைச் சொல்லாதீங்க, இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அதை விட்டுடறேன். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தப்பு ஒண்ணு இருக்கு, அதைத்தான் நீட்டி முழக்கப் போறேன், மத்ததை அதுக்கப்புறம் சுருக்கமா சொல்றேன்.

வேலை நாளும் காலண்டர் நாளும் ஒண்ணுன்னு விட்டுடறது

எங்க டீம்ல ஒரு தம்பி, கோட் எழுதறதுல கெட்டிக்காரன். வடக்குப் பக்கம் கடற்கரையில கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கற ஒருத்தருக்கு புக்கிங் ஆப் பண்ணித் தர்றேன்னு ஒத்துக்கிட்டான். அப்போ அக்டோபர் முதல் வாரம். டிசம்பர் சீசனுக்கு முன்னாடி வேணும்னு அவர் சொல்ல, இவன் மனசுக்குள்ள ஸ்க்ரீன் ஸ்க்ரீனா கூட்டிப் பாத்துட்டு "20 நாள் வேலை அங்கிள்"னு சொல்லிட்டான். கணக்குல தப்பே இல்ல. அவர் உடனே சுவத்துல மாட்டியிருந்த காலண்டர்ல இருபது கட்டம் எண்ணி, அக்டோபர் கடைசியில ஒரு தேதியை சிவப்புப் பேனால சுழிச்சுட்டார். சனி ஞாயிறும் அதுக்குள்ள அடக்கம்.

இவன் சொன்னது தன்னோட உழைப்பு எவ்வளவுன்னு, அவர் கேட்டது எந்தத் தேதிக்கு கையில வரும்னு. ரெண்டு பேர் வாயிலயும் 20தான், அதனால பேச்சு ஒத்துப்போன மாதிரியே இருந்துச்சு.

அப்புறம் ஆரம்பிச்சுது. ரூம் போட்டோவை என் அண்ணன் பையன் ட்ரோன் வச்சு எடுப்பான்னார், அந்தப் பையன் வந்து எடுத்து அனுப்பவே மூணு வாரம், அதுவும் வாட்ஸ்அப்ல நசுங்கி மங்கலா வந்துச்சு, திரும்பக் கேட்டு வாங்க வேண்டியதாப் போச்சு. சீசன் ரேட் எவ்வளவுன்னு அவருக்கும் வீட்டம்மாவுக்கும் இன்னும் பஞ்சாயத்து முடியல. கார்டு பேமெண்டுக்கு பேங்க்ல மெர்சண்ட் அக்கவுண்ட் (கார்டுல வர்ற பணத்தை வாங்கற வியாபாரிக் கணக்கு) கேட்டா, முதல்ல வெப்சைட்ல ரீஃபண்ட் பாலிசி, டெர்ம்ஸ் எல்லாம் லைவா இருக்கணும், அப்பத்தான் பாப்போம்ங்கறாங்க, இவர் என்னடான்னா பேமெண்ட் வேலை செய்யாம சைட்டை லைவ் பண்ணாதேங்கறார், நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறான் இவன்.

கடைசியில வந்துச்சு ப்ளே ஸ்டோர். 2023 நவம்பர் 13க்கு அப்புறம் தனி ஆள் பேர்ல திறந்த டெவலப்பர் அக்கவுண்ட்னா, ஆப்பை வெளியிட அனுமதி கேக்கறதுக்கு முன்னாடியே குறைஞ்சது 12 டெஸ்டருங்க தொடர்ந்து 14 நாள் க்ளோஸ்டு டெஸ்ட்ல (நாம சேக்கற ஆளுங்க மட்டும் ஆப்பைப் போட்டுப் பாக்கற டெஸ்ட்) இருந்திருக்கணும், இது கூகுளோட ரூல். முதல்ல 20 பேர்னு வச்சிருந்தாங்க, 2024 டிசம்பர்ல 12ஆ குறைச்சாங்க. கம்பெனி பேர்ல அக்கவுண்ட் போட்டா இந்த டெஸ்ட் கிடையாது, ஆனா டன்ஸ் (D-U-N-S) நம்பர்னு கம்பெனிக்கான ஒரு அடையாள எண் வேணும், புதுசா வாங்கறதுன்னா அதுக்கே 30 நாள் வரைக்கும் ஆகலாம். கிளையன்ட் "என் பேர்லயே போடுப்பா"ன்னு சொல்லி, இவனும் போட்டு, ஆப்பை அப்லோட் பண்ண உக்காந்த அன்னிக்குத்தான் இந்த ரூலையே படிக்கறான்! சித்தப்பா, அத்தை, அத்தை பையன்னு 12 ஜிமெயிலைத் தேத்தி உள்ள சேத்தான். ஒரு வாரம் போனதும் மாமா ஒருத்தர் "என்னடா இது சும்மா சும்மா மெயில் வருது"ன்னு டெஸ்ட்ல இருந்து வெளிய வந்துட்டார், பன்னெண்டாவது ஆளுக்கு மறுபடி ஒண்ணாம் நாள்ல இருந்து எண்ண வேண்டியதாப் போச்சு.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா கோட் எழுதறதை அவன் 18 நாள்லயே முடிச்சுட்டான், சொன்னதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. ஆப் வெளிய வந்தது டிசம்பர் நடுவுல. அதுக்குள்ள சீசன் ரூம் எல்லாம் வேற புக்கிங் சைட் வழியா கமிஷன் குடுத்தே நிறைஞ்சுடுச்சு. அவர் இந்த ஊர் பேச்சு மொழியான க்ரியோல்ல திட்டினதை எல்லாம் இங்க தமிழ்ல எழுதினா நல்லா இருக்காது. பேலன்ஸ் பணம் இன்னிக்கு வரைக்கும் வரல. வேலையை ஒழுங்கா, சீக்கிரமா முடிச்சவன் ஊர்ல லேட் பார்ட்டின்னு பேர் வாங்கினதுதான் மிச்சம், அதான் எனக்கு ஆறல.

அன்னிக்கு அவன் இப்படி ஒரு மெசேஜ் போட்டிருந்தா போதும்:

"அங்கிள், என் வேலை 20 வேலை நாள், அதாவது முழுசா நாலு வாரம். போட்டோவும் ரேட்டும் என் கையில வந்த நாள்ல இருந்துதான் அந்த நாலு வாரத்தை எண்ணணும். பேங்கும் ப்ளே ஸ்டோரும் என் கையில இல்ல, அதனால அந்த ரெண்டையும் இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம், ப்ளே ஸ்டோர் டெஸ்டுக்கு மட்டுமே ரெண்டு வாரத்துக்குக் குறையாது. எல்லாம் சரியா நடந்தா நவம்பர் கடைசி, இழுத்தா டிசம்பர் நடு. டிசம்பர் 1 கண்டிப்பா வேணும்னா எதை இப்போதைக்கு விடலாம்னு இப்பவே பேசிக்கலாம்."

கடைசி வரி ரொம்ப முக்கியம். ஆப் இல்லாம வெப்சைட் மட்டும், கார்டு இல்லாம போன் பண்ணி கன்ஃபர்ம் பண்ற மாதிரி ஒரு ஃபார்ம், இப்படி ஒண்ணு நவம்பர்லயே குடுத்திருக்கலாம், அவரும் நாலு ரூமாவது கமிஷன் இல்லாம வித்திருப்பார். அப்புறம் போட்டோ ஒரு வாரம் லேட்டானா அன்னிக்கே "போட்டோ இன்னும் வரல அங்கிள், தேதி ஒரு வாரம் தள்ளுது"ன்னு ஒரு வரி போட்டுடணும். கடைசி நாள் அதைச் சொன்னா சாக்குன்னுதான் எடுத்துப்பாங்க.

இந்த ஊர் காலண்டர் வேற இருக்கு. ஜனவரி 1, 2, தைப்பூசக் காவடி, பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி, மார்ச் 12, பத்து வாரத்துக்குள்ள ஏழு அரசு விடுமுறை. டீம்ல கங்கா தலாவ் புனித ஏரிக்கு நடந்து போறவங்க இருந்தா சிவராத்திரிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஆள் கிடைக்காது, கேக்கவும் கூடாது. புயல் சீசனும் அதே நேரம்தான். 2024 ஜனவரி 15 பெலால் புயல்ல போர்ட் லூயிஸ் தெருவுல காரெல்லாம் வெள்ளத்துல அடிச்சுட்டுப் போச்சே, அந்த வாரம் டெலிவரின்னு தேதி குடுத்திருந்தவங்க என்ன பண்ணியிருப்பாங்க? கிளாஸ் 3 புயல் எச்சரிக்கை குடுத்துட்டா எல்லாரும் வீட்டுக்குத்தான். ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள தேதி குடுத்தா ஒரு வாரம் சும்மா சேத்துக்கோங்க, கிளையன்ட் இந்த ஊர்க்காரர்னா அவருக்கே தெரியும், வெளிநாட்டுக்காரர்னா விளக்கிச் சொல்லணும்.

"எவ்வளவு சொதப்பினாலும் இதுக்குள்ள முடிஞ்சுடும்"னு நம்பறது

1994ல கனடாவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, பேராசிரியருங்க காலேஜ் பசங்ககிட்ட உங்க தீசிஸ் எப்போ முடியும்னு கேட்டாங்க. சராசரியா 33.9 நாள்னு சொன்னாங்க. எல்லாமே மோசமாப் போனா எவ்வளவுன்னு கேட்டதுக்கு 48.6. நிஜத்துல ஆனது 55.5 நாள். மோசமான நிலைமையை யோசிச்சு சொன்ன கணக்கையே தாண்டிடுச்சு பாருங்க. அதனால கண்ணை மூடி யோசிச்சு வர்ற நம்பர் வேண்டாம், போன ரெண்டு மூணு ப்ராஜெக்ட்ல சொன்னது எவ்வளவு, ஆனது எவ்வளவுன்னு எடுத்து வச்சு அதுல இருந்து சொல்லுங்க. அப்படி எழுதி வைக்கிற பழக்கமே இல்லேன்னா இந்த ப்ராஜெக்ட்ல இருந்து ஆரம்பிங்க.

முதல் வாரமே பளபளன்னு டெமோ காட்டறது

ஸ்க்ரீன் எல்லாம் கலர் கலரா, பட்டனை அழுத்தினா அடுத்த பக்கம் போகுது, உள்ள இருக்கறது பொய் டேட்டா. கிளையன்டுக்கு அது எப்படித் தெரியும்? முக்கால்வாசி முடிஞ்சுதுன்னு நினைச்சுப்பார், மீதி மூணு வாரம் நீங்க சும்மா இருக்கறதாத்தான் தோணும். வாசல்ல கோலத்தைப் பாத்துட்டு வீடு கட்டி முடிச்சாச்சுன்னு சொந்தக்காரங்களைக் கூப்பிட்ட கதைதான். ஆரம்பத்துல காட்டறதா இருந்தா கறுப்பு வெள்ளையில கோடு போட்டுக் காட்டுங்க, பேமெண்ட் பட்டன் மேல "இது இன்னும் வேலை செய்யாது"ன்னு பெருசா எழுதியே வைங்க, அசிங்கமா இருந்தாலும் பரவால்ல. எங்க டிசைனருக்கு இது சுத்தமா பிடிக்காது, ஒவ்வொரு தடவையும் சண்டைதான், நானும் விடறதில்ல.

லேட்டானதும் "இன்னும் ரெண்டு பேரை இறக்கறேன்"ங்கறது

ஐபிஎம்ல ஓஎஸ்/360ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் வேலையைப் பாத்துக்கிட்ட பிரெட் புரூக்ஸ் 1975லயே இதை எழுதிட்டார், லேட்டான சாஃப்ட்வேர் வேலைக்கு ஆள் சேத்தா இன்னும் லேட்டாகும்னு. புது ஆளுக்கு இதுவரைக்கும் எழுதின கோட் புரியற மாதிரி விளக்கணும், அதை யார் பண்றது? ஏற்கனவே லேட்டா ஓடிக்கிட்டிருக்கற அதே ஆள்தான். மூணு பேர் இருந்தா பேசிக்க மூணு ஜோடி, ஆறு பேரானா பதினஞ்சு. கிளையன்ட் மனசு குளிரணும்னு இதைச் சொல்லாதீங்க, சொன்னா அந்த ரெண்டு பேர் சம்பளமும் உங்க தலையில, தாமதமும் உங்க தலையில.

"சின்ன சேஞ்ச்தானே"

கிளையன்ட் இப்படிக் கேட்டா, சின்னதான்னு பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.

"90 சதவீதம் முடிஞ்சுது"

சொல்லவே சொல்லாதீங்க, அடுத்த வாரமும் அதே 90ல தான் நிக்கும்.

பிரான்ஸ் கிளையன்டுக்கு ஆகஸ்ட்ல தேதி குடுக்கறது

வெயில் காலத்துல அவங்க நமக்கு 2 மணி நேரம் பின்னாடி, குளிர் காலத்துல 3 மணி நேரம், காலையில எட்டு மணிக்கு நாம கேக்கற கேள்விக்கு எப்படியும் மத்தியானம்தான் பதில், இது பழகிடும். பழகாதது ஆகஸ்ட், அது அங்க லீவு மாசம். அப்ரூவல் குடுக்க வேண்டியவர் கடற்கரையில இருப்பார், அவருக்குப் பதிலா இருக்கறவருக்கு கையெழுத்துப் போட அதிகாரம் இருக்காது. மே மாசமும் கிட்டத்தட்ட அப்படித்தான், மே 1, மே 8, அப்புறம் ஒரு வியாழக்கிழமை லீவு வரும், அதோட வெள்ளியையும் சேத்து எடுத்துப்பாங்க. டெஸ்டிங், அப்ரூவல், பேமெண்ட் மூணையும் அவங்க தேசிய தினமான ஜூலை 14க்கு முன்னாடி வாங்கிடுங்க, முடியலேன்னா கோட்டேஷன்லயே செப்டம்பர்னு போட்டுடுங்க.